கொல்லைப்புறத்தில் கோரை வளர்ப்போம்



பாத்திரம் கழுவுற தண்ணி உங்க வீட்டுல எங்கே போகுது? பல வீடுகள்ல கொல்லையிலேயே தேங்கி, நாத்தமும் கொசுவும் வந்து, பக்கத்து வீட்டோட சண்டையில முடியுது. அந்த இடத்தில் அழகாக ஒரு கோரைத் தொட்டி வைக்கலாம்.

கோரை நம்ம ஊர்ச் செடி. வாய்க்கால், குளத்தங்கரையில் தானாக வளரும். பத்தமடைப் பாய் நெய்வதும் தாமிரபரணிக் கரைக் கோரையில்தான். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாக, கணுவோடு இருக்கும். கோரைத் தண்டு பெரும்பாலும் முக்கோணமாக, கணு இல்லாமல் இருக்கும். விரலால் உருட்டிப் பார்த்தாலே தெரிஞ்சுடும். நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிற குடை போன்ற செடியும் கோரை இனம்தான். ஆனால் அது ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது.

எப்படி நடுவது?

1. வெயில் விழும் இடத்தில் பழைய சிமெண்ட் தொட்டி வையுங்க. குடிதண்ணீர்க் கிணறு, அடிபம்பு பக்கத்தில் வேண்டாம்.

2. தொட்டியின் விளிம்புக்கு நாலு விரல் கீழே ஒரு ஓட்டை போடுங்க. மிஞ்சுகிற தண்ணி அதன் வழியாக வாழைக்குப் போகட்டும்.

3. மண்ணும் மக்கிய எருவும் கலந்து முக்கால் தொட்டி நிரப்புங்க.

4. சொந்தக்காரரிடம் கேட்டு, பாய்க்கோரையில் ஒரு தூரைக் கிழங்கோடு எடுங்க. தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, முளை உள்ள துண்டுகளாகப் பிரித்து நடுங்க.

5. மேலே சின்ன ஜல்லி பரப்புங்க. ஜல்லி ஓட்டைக்கு மேலே இரண்டு விரல் உயரம் இருக்கணும். தண்ணி ஜல்லிக்கு அடியிலேயே நிற்பதால் கொசு முட்டையிட இடம் இருக்காது.

புதுத் துளிர் வரும்வரை நல்ல தண்ணி ஊத்துங்க. பிறகு சமையலறைத் தண்ணியைத் திருப்பலாம். சோறு, எண்ணெய்ப் பிசுக்கு போகாதபடி வாயில் தேங்காய் நார் வைத்து, அதை அடிக்கடி மாத்துங்க. கழிவறைத் தண்ணி கூடவே கூடாது.

ஒரு எச்சரிக்கை: கோரை கிழங்கு மூலம் பரவும். அதனால் தரையில் நடாதீங்க. வயலில் நம்மைப் படுத்துகிற கோரைக்கிழங்குக் களையைத் தெரியாமல் கொண்டுவந்துடாதீங்க. அது குட்டையாக, கரும்பழுப்புக் கிழங்கோடு இருக்கும்.

பழுத்த தண்டை அடியோடு அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். காய்ந்த தண்டு கீரைக்கட்டு கட்ட உதவும். ஒரு தொட்டியால் வீட்டுத் தண்ணி முழுக்கச் சுத்தமாகிடாது. ஆனால் தேங்கி நின்ற சகதி பச்சையாக மாறும், சண்டையும் குறையும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு தூர் கொண்டு வாங்க, பகிர்ந்துக்குவோம்!