மாதவிலக்கு நிற்கும் காலமும் விசுவாச வாழ்வும்

பெண் உடல், பெண் மனம்: தொடர் 11

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராவிட்டால், அது நின்றுவிட்டது என்று மருத்துவம் முடிவுசெய்கிறது. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மேலை நாட்டுப் பெண்களுக்கு 51. நாற்பது வயதுக்கு முன்பே நின்றுபோனால் அதற்குக் காரணம் தேடிப் பரிசோதிக்க வேண்டும். பெண்ணை அதிகம் அலைக்கழிப்பது நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான். இரண்டு மாதம் எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டு மூன்றாம் மாதம் கொட்டித் தீர்க்கும். இருபது நாளில் ஒரு முறை, ஐம்பது நாளில் ஒரு முறை என்று கணக்கு குலையும்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பூப்பெய்தும்போது மிஞ்சுவது 3, 4 லட்சம். மாதவிலக்கு நிற்கும் வேளையில் ஆயிரத்துக்கும் கீழே. முட்டைகள் தீரும்போது அவற்றைச் சார்ந்து சுரந்த ஈஸ்ட்ரோஜனும் குறைகிறது. இந்தச் சுரப்பை நம்பியிருந்தது கருப்பை மட்டும் அல்ல. எலும்பு, இதயக் குழாய்கள், தோல், சிறுநீர்ப்பை, மூளை எல்லாமே நம்பியிருந்தன. அதனால்தான் இந்த வயதுப் பெண் சொல்லும் தொல்லைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றுகின்றன: மூட்டு வலி, படபடப்பு, மறதி, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, அடிக்கடி நீர்க்கடுப்பு.

இவற்றுள் முதலிடம் திடீர்ச் சூட்டுக்கு. மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதி ஹைப்போதலாமஸ். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அங்குள்ள சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. உடம்பில் ஏறும் சிறு சூட்டையும் பெருஞ்சூடாகக் கணித்து, இரத்தக் குழாய்களை விரித்து வேர்க்கவைக்கின்றன. மார்பில் தொடங்கி கழுத்து, முகம் என்று ஏறும் அனல் சில நிமிடங்களில் அடங்கி, பின்னாலேயே குளிரும். அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி இத்தொல்லை கண்ட பெண்களுக்கு அது நடுமதிப்பாக 7 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. ‘ஆறு மாசத்தில் சரியாகிவிடும்’ என்று யாரும் தைரியம் சொல்வதில் பயனில்லை.

இந்தத் தொல்லைகளை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். வேப்பனப்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட எல்லையில், கர்நாடகமும் ஆந்திரமும் தமிழ்நாட்டைத் தொடும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். பெண்கள் ராகி, தக்காளி வயல்களுக்குப் போகிறார்கள். சீசனில் மாங்கூழ் ஆலைகளுக்கும், ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், பசுமைக்குடில் ரோஜாத் தோட்டங்களுக்கும் போகிறார்கள். இம்மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர்தாம் என்றாலும் வேர் பழையது. லுத்தரன் மிஷனரிகளான தியடோர் நேத்தரும் பிரான்ஸ் மோனும் 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய பணிதான் பின்னர் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. கத்தோலிக்கருக்கு 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டம். இவற்றோடு அண்மைக்காலப் பெந்தெகொஸ்தே சபைகள் பல.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தகரக் கூரையின் கீழ் நடக்கும் சபையை எண்ணிப் பார்க்கலாம். பெண்கள் பக்கம் நெருக்கமாகப் பாய் விரித்திருக்கிறது. தலையில் முக்காடு, நைலக்ஸ் புடவை, மேலே ஒற்றை மின்விசிறி. பிரசங்கத்தின் நடுவே அனல் ஏறுகிறது. முந்தானையால் விசிறிக்கொண்டு ஒரு பெண் எழுந்து வெளியே போகிறாள். அடுத்த வாரம் வாசல் ஓரமாக உட்காருகிறாள். அதற்கும் அடுத்த வாரம் வருவதில்லை. பின்வாங்கிப்போனாள் என்று சபையில் பேச்சு எழுகிறது. பருத்திச் சேலை, வாசலோர இடம், கையில் தண்ணீர் பாட்டில் ஆகியவை இருந்தால் அவளால் ஆராதனையில் கடைசிவரை இருக்க முடியும். இதைப் போதகர் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மனநிலை மாற்றத்தில்தான் விசுவாசமுள்ள பெண்ணுக்குக் கூடுதல் துன்பம் சேர்கிறது. இரவு வேர்வையால் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் விழிப்பு வருகிறது. தூக்கம் கெட்டால் எரிச்சல் வருகிறது, பிள்ளைகள்மேல் கோபம் பாய்கிறது, ஜெபத்தில் மனம் நிற்பதில்லை. வேதத்தைத் திறந்தால் வாசித்த வசனமே நினைவில் தங்குவதில்லை. இதை அவள் தன் பாவம் என்றும், தேவன் தன்னைவிட்டு விலகினார் என்றும் எடுத்துக்கொள்கிறாள். சுற்றியிருப்பவர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அசுத்த ஆவி என்றும் விசுவாசக் குறைவு என்றும் சொல்லிவிடுகிறார்கள். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது ஆய்வுகளில் உறுதியானது. பிரசவத்துக்குப் பின் சோர்வு கண்டவர்களுக்கு அது இன்னும் அதிகம். உடம்பில் வேர் உள்ள துன்பத்துக்கு ஆத்துமாவைக் குற்றவாளியாக்குவது அநியாயம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ, சாவைப் பற்றிய எண்ணம் வந்துபோனாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் டெலி மனஸ் தொலைபேசி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். சபையார் அவளுக்காக ஜெபிப்பதும் மருத்துவர் மாத்திரை எழுதுவதும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. நற்செய்தி எழுதிய லூக்காவை வைத்தியன் என்றே பவுல் குறிப்பிடுகிறார். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் நூல் மருத்துவரை மதிக்கச் சொல்வதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது.

வேதாகமம் இந்தப் பருவத்தைக் கூச்சமின்றிப் பேசுகிறது. ஆதியாகமம் 18ஆம் அதிகாரம் சாராளுக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்ததை நேராகவே சொல்கிறது. ஆனால் சாராளும் எலிசபெத்தும் வயதான காலத்தில் பிள்ளை பெற்ற கதைகள், குழந்தையில்லாத பெண்ணின் காதில் வேறுவிதமாக விழும். அவளுக்கு இது ஒரு கதவு அடைபடும் நாள். சாட்சிக் கூட்டத்தில் ‘சாராளுக்குக் கொடுத்தவர் உனக்கும் கொடுப்பார்’ என்று 48 வயதுப் பெண்ணிடம் சொல்வது அன்பால் செய்யும் கொடுமை. அவளுக்கு முதலில் துக்கப்பட இடம் வேண்டும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் ரூப்புவின் தாயைத் தனக்கும் தாய் என்று பவுல் வாழ்த்துகிறார். எருசலேம் ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்டு எல்லாருக்கும் அறிவித்த அன்னாள் ஏழே ஆண்டுகள் கணவனோடு வாழ்ந்த விதவை. பிள்ளைகள் உண்டா என்று லூக்கா சொல்லவே இல்லை. பெண்ணின் மதிப்பைக் கருப்பையில் வைக்காத இந்தப் பக்கங்களைச் சபைகள் இன்னும் அதிகம் வாசிக்கலாம்.

பெரும்பாடுள்ள பெண்ணின் கதையும் இங்கே வருகிறது. மாற்கு 5ஆம் அதிகாரத்தில் 12 ஆண்டுகள் உதிரப்போக்கால் வாடி, வைத்தியர்களிடம் கையிலிருந்ததை எல்லாம் செலவழித்தவள் அவள். லேவியராகமச் சட்டப்படி தீட்டுள்ள அவள் தம் ஆடையைத் தொட்டதற்காக இயேசு கடிந்துகொள்ளவில்லை. மகளே என்று அழைத்தார். எல்லையோரக் கிராமங்களில் மாதவிலக்கு நாள்களில் பெண்ணை ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கிறிஸ்தவ வீடுகளிலும் அதன் நிழல் உண்டு. மாதக்கணக்கில் நிற்காத போக்கு கண்ட 45 வயதுப் பெண், வெளியே சொல்லக் கூசி, பழந்துணியோடு நாள் தள்ளி, இரத்தசோகை முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்.

வந்ததும் அவளுக்குச் சொல்லப்படும் வழி, பல நேரம், கர்ப்பப்பையை எடுத்துவிடுவது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குள் இந்தியப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேர் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள். வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கத்து ஆந்திரத்தில் ஏறக்குறைய 9 பேர். தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும் பருவம் ஒரே நாளில், முழு வேகத்தோடு வந்திறங்கும். மாத்திரைகள், ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் போன்ற வழிகள் முதலில் உண்டு. வேறொரு மருத்துவரிடமும் காட்டிக் கேட்பது நோயாளியின் உரிமை. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு அப்பால் குப்பத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஐடா ஸ்கடர் பெண்களுக்காகவே தொடங்கிய பணியில் வளர்ந்த வேலூர் சிஎம்சியும் எட்டாத தூரம் அல்ல. ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது: ஓராண்டு நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே பரிசோதிக்க வேண்டும். அப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகும்.

அனலுக்கும் இரவு வேர்வைக்கும் மிக நன்றாகக் கேட்கும் மருந்து ஹார்மோன் சிகிச்சை. 2002இல் இதைச் சோதித்த அமெரிக்காவின் பெண்கள் உடல்நல ஆய்வில் ஒரு பகுதி, கெடுதல் கூடுவதாகக் கண்டு நிறுத்தப்பட்டபோது உலகமே அஞ்சி மருந்தைக் கீழே வைத்தது. ஆனால் அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே கூடுதல் என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இது ஆகாது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுக்கக் கூடாது. புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். கருத்தடை மாத்திரை போன்றதுதானே என்று கத்தோலிக்கப் பெண்கள் தயங்குவதுண்டு. அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. கருத்தடையை மறுத்த 1968ஆம் ஆண்டு ஹுமானே வீத்தே சுற்றுமடலே, அதன் 15ஆம் பத்தியில், நோயைக் குணமாக்கத் தேவைப்படும் சிகிச்சையை அனுமதிக்கிறது.

கணவன் மனைவிக்கு இடையிலான தாம்பத்தியம் யாரும் பேசாத பகுதி. பெண்ணுறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டு, உறவு வலியாகிறது. ஒன்று கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தை மனைவியின் கடமைக்கு மட்டும் மேற்கோள் காட்டும் கணவர்கள் இருக்கிறார்கள். அங்கே கணவனின் கடமையும் அதே அளவில் சொல்லப்பட்டிருக்கிறது, இருவரின் சம்மதமும் பேசப்படுகிறது. வழுவழுப்பு ஜெல்லோ, உறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீமோ இந்த வலியைப் பெரும்பாலும் தீர்க்கும். திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பும் அந்தக் கிரீமால் குறையும்.

உபவாசத்திலும் கவனம் தேவை. லெந்து நாள்களில் 40 நாளும் ஒருவேளை உணவு, வெள்ளிதோறும் தண்ணீர்கூட இல்லாத உபவாச ஜெபம் என்று இருக்கும் பெண்கள் இப்பக்கம் நிறைய. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் நோன்புக் கடமையை 18 வயது நிறைந்தவர்முதல் 60ஆம் வயது தொடங்கும்வரை உள்ளவர்களுக்கே விதிக்கிறது. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை எடுப்பவர் தண்ணீரின்றி இருப்பது ஆபத்து. மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

எலும்பின் கதை மெல்ல நடக்கிறது. நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 10 சதவீதம்வரை குறையலாம். இந்த வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. முளைகட்டி அரைத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். களியும் கீரைக் கடைசலும், மாலையில் ஒரு தம்ளர் மோரும், காலை வெயிலில் நடையும் இந்த ஊருக்கு எட்டாதவை அல்ல. வேலைக்குப் போன பிறகு களியை விட்டு ரேஷன் அரிசிக்கு மாறியதுதான் இழப்பு. ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அது எலும்பில் படிந்தால் ஸ்கேனில் அடர்த்தி கூடியதாகத் தெரியும். எலும்போ எளிதில் நொறுங்கும். கால்சியம் குறைந்த உடம்பை அது இன்னும் மோசமாகத் தாக்கும். இதற்காகவே 2013இல் செயல்படத் தொடங்கியது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். குடிக்கவும் சமைக்கவும் போர்வெல் தண்ணீரை விட்டு அந்தத் தண்ணீரையே பிடித்துவைப்பது மூட்டுவலி மாத்திரையைவிடப் பெரிய வைத்தியம்.

ஈஸ்ட்ரோஜன் போனதும் கெட்ட கொழுப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். பெண்களைப் பின்னாளில் அதிகம் கொல்வது இதய நோய். வீடு தேடி அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கப்பட்டதே இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். தொழிற்சாலையில் சம்பளம் பெறுபவர்கள் இஎஸ்ஐ அட்டையோடு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கலாம். இரவு ஷிப்டில் அனல் தாங்க முடியாதவர்கள் மருத்துவரின் கடிதத்தைக் காட்டிப் பகல் ஷிப்டு கேட்கலாம். அன்பியக் கூட்டத்திலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் மாதம் ஒரு முறை கிராமச் சுகாதாரச் செவிலியரை அழைத்துப் பேசவைக்க ஒரு செலவும் இல்லை. அந்தக் கூட்டத்தில் ஆண்களையும் ஒரு முறையாவது உட்காரவைக்க வேண்டும்.

(தொடரும்)