லாவோசின் வெடிக்காத குண்டுகள்

வியட்நாம் போர்க்காலத்தில், 1964 முதல் 1973 வரை, அமெரிக்க வானூர்திகள் லாவோஸ் நாட்டின் மீது 20 இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காடு வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டதாக மதிப்பிடப்படுகிறது.

இவை பந்து போன்று சிறியவை. விளையாட்டுப் பொருள் என எண்ணி எடுக்கும் சிறுவர்கள், நிலத்தைக் கொத்தும் உழவர்கள், பழைய இரும்பு சேகரிப்போர் எனப் போருக்குப் பின் பிறந்தவர்களும் இவற்றால் உயிரையோ கை கால்களையோ இழந்துள்ளனர். வெடிக்கும் என்ற அச்சத்தால் விளைநிலங்கள் தரிசாகக் கிடக்கின்றன. பள்ளி கட்டவும் சாலை போடவும் முதலில் குண்டுகளை அகற்ற வேண்டும். இதனால் சிற்றூர்களில் வறுமை நீடிக்கிறது.

கொத்துக் குண்டுகளைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2010-இல் நடைமுறைக்கு வந்தது. லாவோசில் குண்டகற்றும் பணி இன்றும் முடியவில்லை.