ஐந்தடி வழி யாருக்கு?



சம்பளம் வாங்கிய பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நாம் பட்டணத்துக்குப் போகிறோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும், வெயிலானாலும் மழையானாலும், நம் கால்கள் தாமாகவே கடைவரிசையின் முன்னால் உள்ள கூரையிட்ட வழிக்குத்தான் போகும். மளிகைக் கடையிலிருந்து துணிக்கடைவரை தலை நனையாமல் நடந்துவிடலாம். மேல்மாடி வெளியே நீண்டு நமக்குக் குடை பிடிக்கிறது. இந்த வழிக்கு மலாய் மொழியில் 'காக்கி லீமா' என்று பெயர். காக்கி என்றால் அடி. லீமா என்றால் ஐந்து. தமிழில் ஐந்தடிப் பாதை. பேச்சு வழக்கில் அஞ்சடி.

இந்த ஐந்தடி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்காக ஒரு நகரமே மூன்று நாள் கலவரப்பட்டது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். சிங்கப்பூரில் 1888ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அது நடந்தது. வரலாற்றில் அதற்கு 'வராந்தா கலவரம்' என்று பெயர். அந்தச் சண்டை எதனால் வந்தது, எப்படித் தீர்ந்தது, தோட்டத்தில் வாழும் நமக்கு அதில் என்ன பாடம் இருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

கதையைச் சற்று முன்னால் இருந்து தொடங்க வேண்டும். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு அடிக்கல் நாட்டிய ராபிள்ஸ், 1822ஆம் ஆண்டில் நகரத்தை ஒழுங்குபடுத்த ஒரு குழுவை அமைத்தார். செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி முகப்புடன் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் ஒரு வராந்தா இருக்க வேண்டும். அது தெருவின் இரு புறமும் தொடர்ச்சியாக, மக்கள் நடந்து போக எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. ஐந்தடி என்ற அளவு பின்னாளில் பெயராகவே நிலைத்துவிட்டது. பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் என்று பல ஊர்களின் பழைய கடைத்தெருக்களிலும் இதே அமைப்பை இன்றும் காணலாம்.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. வராந்தா நிற்கும் நிலம் வீட்டுக்காரருடையது. தளம் போட்டவரும் தூண் நிறுத்தியவரும் அவரே. நடந்து போகும் உரிமை மட்டும் ஊராருடையது. ஒரே இடத்தில் இரண்டு உரிமைகள். நிலத்தின் விலையும் வாடகையும் ஏற ஏற, கடைக்காரர் தம் சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்தினார். இன்று ஒரு மூட்டை, நாளை ஒரு பெட்டி, மறுநாள் ஒரு மேசை. தச்சர், தையற்காரர், நாவிதர், பலகாரம் விற்பவர் எனக் கடை வைக்க வசதியில்லாத ஏழைகளும் அந்த நிழலில் ஒதுங்கிப் பிழைத்தார்கள். இதைத் தவறு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. அது அவர்களுடைய சோறு.

ஆனால் நடந்து போகிறவர் எங்கே போவார்? தெருவில்தான் இறங்க வேண்டும். அந்தத் தெருவும் பழைய தெருவாக இல்லை. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய தெருவில் 1880ஆம் ஆண்டு முதல் ரிக்‌ஷாக்கள் வந்து சேர்ந்தன. 1886ஆம் ஆண்டில் நீராவி டிராம் வண்டியும் ஓடத் தொடங்கியது. வேகம் கூடிய தெருவும் அடைபட்ட வராந்தாவும் சேர்ந்தபோது, இடையில் மாட்டிக்கொண்டவர் பாதசாரி.

1887ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், வராந்தாக்களைக் காலி செய்விக்கும் அதிகாரத்தை நகராட்சிக்குத் தந்தது. நகராட்சி ஆணையர்களின் தலைவராக இருந்த ரோவெல் ஒரு மருத்துவர். வழி திறந்தே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். கடைக்காரர்களோ, பல ஆண்டுகளாகப் புழங்கி வந்த இடத்தைத் திடீரென்று விட்டுவிட மனமில்லாமல் இருந்தார்கள். 1888 பிப்ரவரி 21ஆம் நாள் நகராட்சி ஆட்கள் சாமான்களை அப்புறப்படுத்தத் தொடங்கியபோது கடைகள் அடைக்கப்பட்டன. கூட்டம் சேர்ந்தது. டிராம் வண்டிகள் மீது கற்கள் பறந்தன. சாலையில் போன ஐரோப்பியர்களும் தாக்கப்பட்டார்கள். மூன்று நாள் நகரம் அமைதி இழந்தது.

முடிவு என்ன? வராந்தா முழுவதும் வெறுமையாக இருந்தே தீர வேண்டும் என்ற பிடி தளர்ந்தது. மக்கள் நடந்து போகத் தாராளமாக வழி விட்டால் போதும், மீதி இடத்தில் சாமான் வைத்துக்கொள்ளலாம் என்ற சமரசம் உண்டாயிற்று. நேயர்களே, இதைக் கவனியுங்கள். கல்லெறிவதற்கு முன்பே இந்தச் சமரசத்தைப் பேசி முடித்திருக்கலாம். வழி வேண்டும் என்று கேட்டவர் சொன்னதும் நியாயம். பிழைப்புக் கெடும் என்று அழுதவர் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயங்களையும் ஒரு பாயில் உட்கார வைக்க ஆள் இல்லாமல் போனதுதான் குற்றம்.

மலாய் மொழியில் 'காக்கி லீமா' நடக்கும் வழியைக் குறிக்கிறது என்று சொன்னேன். இந்தோனேசியாவில் அதே சொல் தெருவோர வியாபாரிகளுக்குப் பெயராக வழங்குகிறது. ஒரே சொல்லை நடப்பவரும் விற்பவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வழியையும் அப்படித்தான் பங்கு போட வேண்டியிருக்கிறது.

இனி சிங்கப்பூரில் நம்மவர் அதிகம் கூடும் சிராங்கூன் சாலைப் பகுதிக்கு வருவோம். தேக்கா என்று நாம் அழைக்கும் இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மாட்டு வியாபாரமும் மாட்டுக் கொட்டகைகளும் இருந்தன. பஃபலோ சாலை என்ற பெயரும், எருமைக் கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும் அந்தக் காலத்தின் அடையாளங்கள். 1989ஆம் ஆண்டில் இந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட மரபு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் பழைய கடைவீடுகளும் அவற்றின் ஐந்தடிப் பாதைகளும் இன்றும் நிற்கின்றன.

தீபாவளிக்கு முன் அங்கே போனவர்களுக்குத் தெரியும். பூச்சரமும் வாழையிலையும் மாவிலையும் காய்கறிக் கூடைகளும் கடை வாசலுக்கு வெளியே வந்து நிற்கும். அவை வெளியே இருந்தால்தான் கண்ணில் படும். கண்ணில் பட்டால்தான் விற்கும். அந்த அழகைப் பார்க்கத்தானே நாமும் போகிறோம்! ஆனால் கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வரும் தாயும், தடி ஊன்றி வரும் பெரியவரும், சக்கர நாற்காலியில் வருபவரும் அந்தக் கூடைகளைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்க நேர்ந்தால் அழகு ஆபத்தாகிவிடுகிறது. 1888இன் கேள்வி இன்னும் பழையதாகிவிடவில்லை.

அது வேறு உருவத்திலும் திரும்பி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரின் நடைபாதைகளில் மின்சார ஸ்கூட்டர்கள் பெருகின. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்கள் பலருக்கு அதுவே பிழைப்பு. 2019 செப்டம்பரில் பெடோக் பகுதியில் சைக்கிளில் சென்ற ஒரு மூதாட்டி மின்சார ஸ்கூட்டர் மோதி இறந்தார். அந்த ஆண்டு நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்சார ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தது. அறிவிப்பு வந்தது முந்தின நாள். ஓட்டிப் பிழைத்தவர்கள் கூட்டம் கூட்டமாக நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் போய் முறையிட்டார்கள். சில நாட்களுக்குள் அரசாங்கமும் உணவு விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் வெள்ளி ஒதுக்கி, அவர்கள் சைக்கிள் போன்ற வேறு வாகனத்துக்கு மாற உதவி செய்தன. ஆண்டு முடியும்வரை பெரும்பாலும் எச்சரிக்கையோடு விட்டு, 2020 ஜனவரி முதல்தான் தடையைக் கண்டிப்பாக நடத்தினார்கள். தடை அவசியமாகவே இருந்திருக்கலாம். ஆனால் பிழைப்புக்கு மாற்று வழி காட்டிய பிறகுதான் கொந்தளிப்பு அடங்கியது.

சரி, நடப்பவருக்குத் தனி வழி எதற்கு, பார்த்து நடந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே ஒரு பிள்ளை ஓடுவதைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்கக் குறைந்தது ஒரு விநாடி ஆகிறது. அந்த 14 மீட்டரும் போயிற்று. மிதித்த பின் வண்டி நிற்க, காய்ந்த தார்ச்சாலையில் இன்னும் 14 மீட்டர் வேண்டும். ஆக 28 மீட்டர். நம் நடையில் நாற்பது எட்டு. அதே கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 13 மீட்டரில் நின்றுவிடும். மழை பெய்தால் இந்தத் தூரங்கள் இன்னும் கூடும். செம்பனைக் குலை ஏற்றிய லோரியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நாற்பது எட்டு தூரத்துக்குள் இருக்கும் பிள்ளையை ஓட்டுநரின் நல்லெண்ணம் காப்பாற்றாது. ஓர் அடி உயர மேடையோ, ஒரு வடிகாலோ, சாலையை விட்டு விலகிய ஒரு பாதையோதான் காப்பாற்றும். அல்லது வண்டியின் வேகம் குறைய வேண்டும். சிங்கப்பூரில் இரண்டையும் செய்து பார்க்கிறார்கள். முதியவர்கள் மிகுதியாக வாழும் சில வட்டாரங்களில் 2014 முதல் சாலையை வளைத்தும் குறுக்கியும் வேகத்தைக் குறைத்து வருகிறார்கள். முதியவர் தம் அட்டையைச் சாலைச் சந்திப்பில் உள்ள கருவியில் வைத்தால், பச்சை விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரியும் ஏற்பாடு 2009ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. தேக்காவில் கேம்பல் லேன் என்ற சிறு தெரு இப்போது வண்டிகள் இல்லாமல் நடப்பவர்களுக்கென்று இருக்கிறது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் சாலை ஓரத்தில் ஒரு நடைபாதை போடலாம் என்று ஒரு பேச்சு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே என்ன நடக்கும்? "என் வேலியைத் தள்ளிவைக்கச் சொன்னால் எப்படி? முருங்கையும் கறிவேப்பிலையும் நான் வைத்தது" என்பார் ஓர் அக்கா. "பெஞ்சை எடுத்துவிட்டால் என் ஒட்டுக்கடைக்கு யார் வருவார்?" என்பார் கடைக்காரர். "மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது?" என்பார் தம்பி. "பிள்ளைகள் அடிபட்ட பிறகுதான் உங்களுக்குப் புத்தி வருமா?" என்று ஒரு பெரியவர் கோபப்படுவார். அன்றோடு பேச்சு நின்றுபோகும். பாதையும் வராது, முகம் கொடுத்துப் பேசுவதும் குறையும்.

இதைத் தவிர்க்க நான்கு காரியங்கள் செய்யலாம்.

முதலாவது, சண்டைக்கு முன் அளவெடுங்கள். ஐந்தடி என்பது ஒன்றரை மீட்டர். இரண்டு பேர் தோளில் இடிக்காமல் எதிரும் புதிருமாகப் போகும் அகலம் அது. என் வகுப்புப் பிள்ளைகளிடம் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஐந்தடி கோடு போடச் சொல்வதுண்டு. போட்டுப் பார்த்த பிறகு, 'இவ்வளவுதானா?' என்பார்கள். நம் மனத்தில் இழப்பு எப்போதும் பெரிதாகத் தெரியும். தரையில் கோடு போட்டால் உண்மை அளவு தெரியும். பல இடங்களில் வேலியை முழுவதும் எடுக்க வேண்டியிருக்காது. ஒரு முழம் நகர்த்தினாலே போதும்.

இரண்டாவது, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். ஒரு பாட்டியையும் ஒரு முதலாம் வகுப்புப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எல்லாரும் அந்த வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அவர்கள் சாலையில் இறங்குகிறார்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒருமணி நேரம் பேசித் தெரியாதது அந்த நடையில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, இழப்பவருக்கு ஈடு சொல்லுங்கள். கடையின் பெஞ்சுக்கு வேறு நிழல், மோட்டார் சைக்கிளுக்கு வேறு இடம், கறிவேப்பிலைக்கு வேறு பாத்தி. அதையும் ஊர் கூடிச் செய்து கொடுங்கள். ஊருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்கும்போது ஊரும் அவருக்காக ஒரு நாள் உழைப்பைக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, முடிந்ததை எழுதி வையுங்கள். இத்தனை அடி நடப்பவருக்கு, மீதி உங்களுக்கு என்று எழுதி, தோட்ட நிர்வாகத்துக்கும் சாலையைப் பார்க்கும் அலுவலகத்துக்கும் ஒரே மனுவாகக் கொடுங்கள். பல பேர் பல மாதிரிக் கேட்டால் அதிகாரி கோப்பை மூடிவிடுவார். எல்லாரும் ஒன்றைக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நேயர்களே, நடைபாதையைப் பற்றிய வழக்கில் கூட்டத்துக்கே வராத ஒருவர் எப்போதும் உண்டு. அவர்தான் புத்தகப் பையோடு காலையில் ஆறரை மணிக்கு இருட்டில் நடந்து போகும் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு வேலியும் இல்லை, கடையும் இல்லை, வாக்கும் இல்லை. அதன் சார்பில் பேச வேண்டியவர்கள் நாம்தான். யாருக்கு எவ்வளவு என்று நாம் பங்கு போட உட்காரும்போது, முதல் பங்கை அந்தப் பிள்ளையின் காலடிக்கு எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பேசினால், எந்தப் பாகப்பிரிவினையும் சண்டையில் முடியாது.