எம்பெக்கே தூணிலிருந்து ஒரு சால்வை

ரம்புக்கனை இறப்பர் மரங்களின் ஊர். வெயில் ஏறிவிட்டால் சால்வை தேவைப்படாது. ஆனால் கண்டி ரயில் மலையேறத் தொடங்குவது இங்கிருந்துதான். கடுகண்ணாவையைத் தாண்டி நானுஓயாவில் போய் இறங்குகிறவர் தோளுக்கு ஏதாவது வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனங்கள் போர்த்திய கம்பளி தடித்தது, நனைந்தால் பெருஞ்சுமை. பைக்குள் மடித்து வைக்கும் மெல்லிய சால்வையைக் கையாலேயே பின்னலாம். அதற்கு நல்ல மாதிரி, பேராதனைக்கு அருகே எம்பெக்கே தேவாலயத்தில் இருக்கிறது.

14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில், கதிர்காமக் கந்தனுக்கு எழுந்த கோயில் அது. மேள மண்டபத்து மரத்தூண்களில் அன்னங்கள், மல்லர்கள், இருதலைப் பட்சி ஆகியவற்றோடு முறுக்கி முடிச்சிட்ட கயிறும் செதுக்கப்பட்டிருக்கிறது. கயிறு ஓரிடத்தில் மேலே போகும், அடுத்த இடத்தில் கீழே போகும். நம் சிக்குக் கோலத்தின் இழையும் இப்படித்தான் ஓடுகிறது.

பின்னல் ஊசியில் இந்தக் கயிற்றை எழுப்புவதற்குப் பெயர் கேபிள். ஆறு கண்ணிகளில் முதல் மூன்றை ஒரு குட்டி ஊசிக்கு மாற்றி முன்னால் தொங்கவிட வேண்டும். அடுத்த மூன்றைப் பின்னிய பிறகு, காத்திருக்கும் மூன்றைப் பின்னினால் கயிறு இடப்பக்கம் சாயும். குட்டி ஊசியைப் பின்னால் விட்டால் வலப்பக்கம். மாறுவது கண்ணிகளின் வரிசை மட்டுமே. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் துணி தடிக்கும், அகலமும் சுருங்கும். சால்வை முழுக்கக் கேபிள் போட்டால் பழைய கம்பளியின் கனம் திரும்பிவிடும்.

அதற்கு மாற்று லேஸ். நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றினால் புதுக் கண்ணி பிறக்கும், அதனடியில் ஓட்டை விழும். எண்ணிக்கை கூடாமலிருக்கப் பக்கத்து இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். ஸ்கொட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளிலும் ரஷ்யாவின் ஒரென்பர்க்கிலும் இப்படிப் பின்னிய சால்வைகளை ஒரு மோதிரத்துக்குள் இழுத்துவிடலாம். என்னைக் கேட்டால், இரு ஓரங்களில் மட்டும் தூண்போலக் கயிறு, நடுவே பலகணிபோல ஓட்டைகள், அதுவே சரியான பங்கீடு.

சிக்கல் ஒன்று உண்டு. சாதாரணக் கேபிள் கீழிருந்து மேலே ஓடும், திரும்பி வந்து மூடாது. முடிச்சு மூடவேண்டுமானால் கயிறு வெறும் துணியில் திடீரெனத் தோன்றி, திடீரென மறைய வேண்டும். சுவீடனின் எல்செபெத் லாவோல்ட், வைக்கிங் காலக் கற்களில் கண்ட முடிச்சுகளைப் பின்ன முயன்று இதற்கு வழி கண்டார். தொடங்குமிடத்தில் ஒரே புள்ளியில் பல கண்ணிகளைக் கூட்டி, முடியுமிடத்தில் அவற்றை ஒன்றாக ஒடுக்கினார். எம்பெக்கே முடிச்சுக்கும் இது பொருந்தும்.

சால்வைக்கு மறுபக்கமும் தெரியும். கேபிளின் பின்புறம் அழகில்லை. கயிற்றுக் கண்ணிகளை மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று மாற்றிப் பின்னினால் இருபுறமும் கயிறாகவே தெரியும். நூலுக்கு மெல்லிய ஆட்டு உரோமமே நல்லது. நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைத்தால் ஓட்டைகள் விரிந்து நிற்கும். பருத்தி அந்த விரிவை அவ்வளவு பிடித்துவைப்பதில்லை.

அடுத்தமுறை எம்பெக்கே போகிறவர்கள் ஒரு கட்டத்தாள் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோங்கள். தூணின் முன் நின்று, கயிறு எங்கே மேலேறுகிறது, எங்கே கீழிறங்குகிறது என்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னுவதற்கு அந்தத் தாளே போதும்.