பெட்டி பாடாது, காப்பாற்றும்!

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துப் பாருங்கள். சில வீடுகளில் நிசப்தம். சில வீடுகளில் ‘ம்ம்ம்…’ என்று யாரோ தம்புரா மீட்டிக்கொண்டிருப்பார்கள். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் வழி தவறி ஸ்பீக்கருக்குள் புகுந்து, கேட்காமலே சுருதி போடுகிறது.

என் வீட்டிலும் அந்தத் தம்புரா இருந்தது. ‘கரன்ட் சுத்தமில்லை சார்’ என்று சொல்லி, ஐந்து இலக்க விலையில் ஒரு பவர் பெட்டியைக் காட்டினார் கடைக்காரர். வாங்காமல் திரும்பி வந்து, ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். டி.வி. கேபிளைக் கழற்றியதும் தம்புரா நின்றது. அந்தப் பெட்டியை வாங்கியிருந்தாலும் ரீங்காரம் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஒரே எர்த்

ஆம்ப்ளிஃபயருக்கு வீட்டு எர்த். தெருவிலிருந்து வரும் கேபிளுக்கு வேறெங்கோ எர்த். இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், அவற்றை இணைக்கும் ஆடியோ ஒயர் வழியாகக் கரன்ட் ஓடும். அதுதான் ரீங்காரம். டி.வி.யை ஒரு சுவரிலும் சப்வூஃபரை எதிர்ச் சுவரிலும் செருகினாலும் இதே தொல்லை வரலாம்.

எல்லாக் கருவிகளையும் பல சாக்கெட்டுகள் உள்ள ஒரே பெட்டியில் செருகி, அந்தப் பெட்டியை ஒரே பிளக் பாயின்ட்டில் மாட்டினால் அவற்றுக்கெல்லாம் எர்த் ஒன்றாகிவிடும். தெருக் கேபிளின் எர்த் மட்டும் இதில் சேராது. ஒலியைப் பொறுத்தவரை இந்தப் பெட்டி செய்யும் பெரிய உதவி இதுதான். சாதாரணப் பெட்டியே இதைச் செய்துவிடும். ‘எர்த் பின்னை வெட்டிவிட்டால் சத்தம் போய்விடும்’ என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். சத்தம் போகலாம், கருவிக்குள் ஒயர் உரசிக் கசியும் நாளில் உயிரும் போகலாம்.

எத்தனை ஆம்பியர்?

கருவிகளின் பின்புறம் வாட் அளவு அச்சிட்டிருக்கும். எல்லாவற்றையும் கூட்டுங்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பாயின்ட் 1,380 வாட் தாங்கும். 16 ஆம்பியர் பவர் பிளக் 3,680 வாட். ஒரு டி.வி., ஒரு ஏ.வி. ரிசீவர், ஒரு சப்வூஃபர் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு 6 ஆம்பியரே போதும். தனித்தனியாகக் கனமான பவர் ஆம்ப்ளிஃபயர்கள் வைத்திருப்பவர்கள் 16 ஆம்பியருக்குப் போகலாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபயர், ஆன் செய்யும் அந்த நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட்டை இழுக்கும். அதனால் பிளேயரை முதலில், ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். ‘டப்’ என்று ஸ்பீக்கர் அதிர்வதும் நின்றுவிடும்.

பெட்டியின் ஒயரையும் பாருங்கள். 16 ஆம்பியர் பெட்டிக்குக் குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும். அளவு ஒயரின் மேலேயே அச்சாகியிருக்கும். பிளக்கைச் செருகினால் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். ஆடும் சாக்கெட் சூடாகும், பொறி பறக்கும்.

அடி வாங்கும் வில்லை

பெட்டிகளில் ஒரு வகை ஸ்பைக் கார்டு. அதைத் திறந்தால் நாணயம்போல ஒரு வில்லை இருக்கும். பெயர் வேரிஸ்டர். வோல்டேஜ் திடீரென்று எகிறும்போது, அந்த அடியைத் தன் வழியே திருப்பிவிடுவது இதன் வேலை. எவ்வளவு அடி தாங்கும் என்பதை ஜூல் கணக்கில் சொல்வார்கள். கூடுதலாக இருந்தால் நல்லது. ஆனால் ஒவ்வோர் அடியிலும் வில்லை கொஞ்சம் தேய்கிறது. ஒருநாள் செத்தும்போகும். அப்போதும் சாக்கெட்டில் கரன்ட் வந்துகொண்டேதான் இருக்கும். எனவே, பாதுகாப்பு இருக்கிறதா என்று காட்டும் தனி விளக்கு உள்ள பெட்டியாக வாங்குங்கள். நேரடி இடியை எந்த வில்லையும் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் உறுமினால் பிளக்கையும் கேபிளையும் பிடுங்கி வைப்பதே வழி.

இன்னொரு ஆபத்து, நியூட்ரல் கட். தெருவில் நியூட்ரல் ஒயர் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட நுழையலாம். நொடியில் மிகச் சிறு பங்கு நேரமே வரும் அடியைத் தாங்கத்தான் வேரிஸ்டரைச் செய்திருக்கிறார்கள். நிமிடக்கணக்கில் நிற்கும் அதிக வோல்டேஜில் அதுவே எரிந்துவிடும். இதற்கு வோல்டேஜ் எல்லை மீறியதும் கரன்ட்டை வெட்டிவிடும் கருவி தனியாகக் கிடைக்கிறது. மெயின் போர்டில் மாட்டினால் டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்தே தப்பிக்கும்.

இனிமைக்கு எவ்வளவு?

‘பாஸ் இறுகும், குரல் துலங்கும்’ என்று விற்கும் பெட்டிகளின் விலை லட்சத்தையும் தொடுகிறது. மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பம் கம்பமாகத் தாண்டி, சுவருக்குள் சாதாரண ஒயரில் ஓடி உங்கள் ஹாலுக்கு வருகிறது. வந்ததும் ஆம்ப்ளிஃபயரே அதை டி.சி.யாக மாற்றி, வடிகட்டித்தான் பயன்படுத்துகிறது. கடைசி ஒரு மீட்டரில் தங்க முலாம் பூசி என்ன ஆகப்போகிறது?

ஸ்டெபிலைசரும் எல்லோருக்கும் தேவையில்லை. கருவியின் பின்புறம் ‘100–240 வோல்ட்’ என்று போட்டிருந்தால் ஏற்ற இறக்கத்தை அதுவே சமாளித்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் மட்டும் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கருவிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே பாட ஆரம்பித்துவிடும்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பிளக் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வர வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது. அங்கே எந்தப் பெட்டியை வாங்கினாலும் பாதிப் பாதுகாப்புதான். எர்த்தைச் சரிசெய்யுங்கள், உறுதியான ஒரு பெட்டி வாங்குங்கள். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். பாடப்போவது அதுதான்.