மூன்றெழுத்து, 645 அர்த்தம்: ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பட்டறைக்குள் ஓர் எட்டு

சத்தம் போடாமல் வாருங்கள். உள்ளே ஒருவர் ஒன்பது மாதமாக ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். ஆர், யு, என். அவ்வளவுதான் சொல்லின் நீளம். ‘ரன்’. ஆளின் பெயர் பீட்டர் கில்லிவர், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவர். அவர் வேலையை முடித்து நிமிர்ந்தபோது அந்த ஒற்றை வினைச்சொல்லுக்குத் தேறிய அர்த்தங்கள் 645. ஆம், அறுநூற்று நாற்பத்தைந்து! 2011-இல் அது வெளியானபோது அந்த அகராதியின் மிக நீளமான பதிவு என்ற பட்டம் ‘ரன்’னுக்குக் கிடைத்தது.

இதில் கூத்து என்னவென்றால், கிரிக்கெட் ஸ்கோர்போர்டில் நாம் பார்க்கும் ‘ரன்’ இந்த 645-இல் சேர்த்தியே இல்லை. அது பெயர்ச்சொல், அதற்குத் தனிக் கணக்கு. ஆனால் 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் தோனி ‘ரன் அவுட்’ ஆனாரே, நாடே தலையில் கைவைத்து உட்கார்ந்ததே, அது வினைச்சொல் வீட்டுச் சொத்து.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் சொல்லில்? நமக்கும் இது ஒன்றும் புதிதல்ல. தமிழிலும் ரயில் ஓடும், சளி பிடித்தால் மூக்கு ஓடும், படம் நூறு நாள் ஓடும், பிழைப்பு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். ஆங்கில ‘ரன்’ இத்தனையும் செய்துவிட்டு இன்னும் கிளம்புகிறது. துவைத்த துணியில் சாயம் ‘ரன்’ ஆகும். உடம்பில் காய்ச்சல் அடித்தாலும் ‘ரன்’தான். பத்திரிகை ஒரு செய்தியைப் போட்டால் ‘ரன்’, கள்ளத்தனமாகத் துப்பாக்கி கடத்தினால் ‘ரன்’, குளியல் தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டால் ‘ரன்’, ஹோட்டல் நடத்தினால் அதற்கும் ‘ரன்’. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ பண்ணுவார். பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்பார். நம்மூர் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் லண்டன் பக்கம்.

‘ரன்’னுக்கு முன்னால் நெடுநாள் சிம்மாசனத்தில் இருந்தது யார்? நம்மூர் டிபன் கடையில் தோசையோடு சேர்ந்துவிட்ட அதே ‘செட்’! 1989-இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லை விளக்கவே சுமார் 60,000 சொற்கள் செலவழிந்தன. அர்த்தங்கள் 580. ஒரு நாவலே எழுதிவிடலாம். இவர்கள் ஒரு சொல்லை எழுதினார்கள். முதல் பதிப்பு தயாரான காலத்தில் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ஹென்றி பிராட்லி. ‘செட்’டை 154 பெரும் பிரிவுகளாக வகுத்தார். கடைசிப் பிரிவான ‘செட் அப்’புக்கு மட்டும் ஏ, பி, சி என்று உட்பிரிவு போடத் தொடங்கி, இசட் வரை தீர்ந்து, மறுபடி ஏஏ, பிபி என்று ஆரம்பித்து ஆர்ஆரில்தான் மூச்சு விட்டார்கள். பாவம் அந்த அச்சுக்கோப்பவர்!

அந்தக் காலத்துப் பட்டறை எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம். இன்றைய கணினி அறையைவிட அதுதான் பார்க்க ருசி. 1879-இல் அகராதியின் ஆசிரியராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே முதலில் மில் ஹில் பள்ளி வளாகத்தில் ஓர் இரும்புக் கொட்டகை போட்டார். பிறகு 1885-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்து, பேன்பரி சாலையில் தன் வீட்டுத் தோட்டத்தில் இன்னொரு கொட்டகை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பேராசிரியர். ‘என் ஜன்னலிலிருந்து பார்வை மறைக்கிறது’ என்று அவர் முகம் சுளிக்க, கொட்டகையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் இறக்கித்தான் கட்ட முடிந்தது. விளைவு, ஈரம், குளிர். மர்ரே மேலங்கியை மாட்டிக்கொண்டு, காற்று அடிக்காமலிருக்கக் கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். உலகின் மிகப் பெரிய ஆங்கில அகராதி இப்படித்தான் பிறந்தது, பெட்டிக்குள் காலோடு!

கொட்டகைச் சுவரெல்லாம் புறா மாடங்கள் போன்ற சிறு அறைகள், 1,029. அவற்றில் அகர வரிசையில் காகிதச் சீட்டுகள். ஒரு புத்தகத்தைப் படிக்கும் தன்னார்வலர், அதில் ஒரு சொல் வந்த வாக்கியத்தை எடுத்து, ஆண்டும் பக்கமும் குறித்து அனுப்புவார். சீட்டுகள் வந்து குவிந்த வேகத்தில், மர்ரே வீட்டு வாசலிலேயே தபால் துறை ஒரு சிவப்புப் பெட்டியை நட்டது. ‘மிஸ்டர் மர்ரே, ஆக்ஸ்ஃபோர்டு’ என்று எழுதினாலே கடிதம் வந்து சேர்ந்துவிடும். மர்ரேவின் பதினொரு பிள்ளைகளும் சில்லறைக் காசுக்காகச் சீட்டு அடுக்கினார்கள். பிள்ளைகள் அதிகமான வீட்டில் அகராதி போடுவதே புத்திசாலித்தனம்.

முந்தைய ஆசிரியர் ஃபர்னிவாலிடமிருந்து வந்து இறங்கிய சுமை சுமார் இரண்டு டன். ஒரு மூட்டையைப் பிரித்தால் செத்த எலி. இன்னொன்றில் உயிரோடு ஒரு சுண்டெலி, குட்டிகளுடன் குடித்தனம்! ஹெச் எழுத்துச் சீட்டுகள் இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரில் கண்டுபிடிக்கப்பட்டன. ‘பிஏ’வில் தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடந்தன, அதில் பெரும்பகுதி அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டது. அடிமைப் பெண் என்று பொருள்படும் ‘பான்ட்மெய்ட்’ என்ற சொல்லோ சீட்டு காணாமல்போய், முதல் பதிப்பில் இடம்பெறாமலே விடுபட்டது. ஆளையே காணோம் என்றால் போலீசுக்குப் போகலாம். சொல்லைக் காணோம் என்றால்?

இனி மறுபடி கில்லிவர் மேசைக்கு. மூன்றாம் பதிப்புக்கான திருத்தங்கள் 2000-இல் இணையத்தில் வரத் தொடங்கியபோது, இவர்கள் ஏ-யிலிருந்து ஆரம்பிக்கவில்லை. எம்-மிலிருந்து. காரணம் நியாயமானது: ஏ, பி எல்லாம் மர்ரே கை பழகிக்கொண்டிருந்த காலத்து வேலை, நடுவில் வரும்போது நடை நிலைபெற்றுவிட்டது. அங்கிருந்து தொடங்குவது சுலபம். அதனால் ‘செட்’டின் பட்டத்தை முதலில் தட்டிப்பறித்தது ‘மேக்’, 2000-இல். 2007-இல் ‘புட்’. 2011-இல் ஆர் எழுத்து முடியும் தறுவாயில் ‘ரன்’.

வேலை இப்படித்தான் நடக்கும். ஆயிரக்கணக்கான வாக்கியங்களை முன்னால் பரப்பி, ஒத்த ஜாதியை ஒரு குவியலாகச் சேர்க்க வேண்டும். ரயில் ‘ரன்’ ஆவதும் கடிகாரம் ‘ரன்’ ஆவதும் ஒரே குவியலா, இரண்டா? கணினியில் புரோகிராம் ‘ரன்’ ஆவது அதிலேயே சேருமா, தனிக் குடித்தனமா? இந்தத் தொழிலில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுபவரை ‘லம்பர்’ என்பார்கள். நூல் நூலாகப் பிரிப்பவர் ‘ஸ்ப்ளிட்டர்’. பிரித்த பிறகும் நிம்மதி கிடையாது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் கிடைத்ததிலேயே மிகப் பழைய சான்றைத் தேடி, காலவரிசையில் கட்ட வேண்டும். நூற்றாண்டு நூற்றாண்டாகப் பின்னால் போக வேண்டும்.

அந்தப் பயணத்தின் கடைசியில் ஒரு ரகசியம். பழைய ஆங்கிலத்தில் ‘ரன்’ ஒன்றல்ல, இரண்டு! தானாக ஓடுவதற்கு ஒரு வினை, பிறரை ஓடச் செய்வதற்கு இன்னொன்று. நமக்கு ‘ஓடு’, ‘ஓட்டு’ மாதிரி. தமிழ் அந்த இரண்டையும் இன்றுவரை தனித்தனியே காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே தலையில் கட்டிவிட்டது. குதிரையும் ‘ரன்’, குதிரையை விரட்டுபவனும் ‘ரன்’, கம்பெனியும் ‘ரன்’, முதலாளியும் ‘ரன்’. இரட்டைச் சம்பளம் இல்லாமல் இரட்டை வேலை. பிறகு நீராவி வந்தது, மில் வந்தது, மோட்டார் வந்தது, கணினி வந்தது. ஒவ்வொரு இயந்திரமும் வந்த கையோடு இந்தச் சொல்லை வேலைக்கு எடுத்துக்கொண்டது. எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் 2011-இல் இதைத்தான் சொன்னார்: ‘செட்’ உட்கார்ந்திருக்கும் காலத்துச் சொல், ‘ரன்’ அவசரக் காலத்துச் சொல். கேட்க நன்றாக இருக்கிறது. நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். மீதிப் பாதி, யார் முறை எப்போது வந்தது என்பதுதான். ‘செட்’டின் 580 பழைய பதிப்பின் கணக்கு, ‘ரன்’னின் 645 புதிய பதிப்பின் கணக்கு. இன்னொரு ஸ்ப்ளிட்டர் உட்கார்ந்திருந்தால் 700 ஆகியிருக்கும். லம்பர் கையில் சிக்கியிருந்தால் 400-இல் அடங்கியிருக்கும்.

ஆகவே யாராவது வினாடி வினாவில் ‘அதிக அர்த்தமுள்ள ஆங்கிலச் சொல் எது’ என்று கேட்டால், துணிந்து ‘ரன்’ என்று சொல்லுங்கள். நடத்துபவர் ‘இல்லை, செட்’ என்று அடித்துச் சொன்னால் சண்டை வேண்டாம். ‘எந்தப் பதிப்புங்க?’ என்று மட்டும் கேளுங்கள். 1989 என்றால் அவருக்கும் ஒரு மார்க் உண்டு.