வாடி வந்த மூங்கில் ஏன் இலையைச் சுருட்டுகிறது?

ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் மூங்கில் கன்று, பூந்தமல்லியில் இறக்கும்போது பல நேரம் இலைகளை இறுகச் சுருட்டிக்கொண்டிருக்கும். செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். மூங்கில் புல் இனம். இலையைச் சுருட்டுவது நீரிழப்பைக் குறைக்கும் தற்காப்பு.

என்ன நடந்தது? குலுக்கலில் மண்கட்டி உடைந்து, நீர் உறிஞ்சும் வேர்த்தூவிகள் அறுந்துவிட்டன. இலைகளோ பயணக் காற்றில் நீரை விட்டுக்கொண்டே வந்தன. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்தால், தண்டின் நீர்க்குழாய்களுக்குள் காற்றுக்குமிழ் புகுந்து ஓட்டத்தை அறுக்கும். மரமானால் ஆண்டுதோறும் புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். மூங்கில் கழிக்கு அந்த வசதி இல்லை. முளைத்தபோது அமைந்த குழாய்களே கடைசிவரை. ஆனால் அதற்கு வேறோர் அருமையான வழி உண்டு. இரவில் வேர்கள் உப்புகளைத் திரட்டி, அவற்றின் பின்னாலேயே நீரையும் இழுத்து மேலே தள்ளுகின்றன. இந்த வேரழுத்தம் குமிழ்களைக் கரைத்துக் குழாய்களை மீண்டும் நிரப்ப உதவுகிறது. விடியலில் இலைநுனியில் துளி நின்றால், வேர் வேலையைத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம்.

ஆகவே முதல் இரண்டு வாரம் கன்றை நிழலில், காற்றடிக்காத மூலையில் வையுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும். தண்ணீர் தேங்க வேண்டாம். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் களிமண் பாங்கான மனைகளில் தேங்கும் நீர், வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செய்துவிடும். உரம் இப்போது கூடவே கூடாது: மண்ணில் உப்பு ஏறினால் வேர் நீரை இழுக்கத் திணறும். கத்திரி வெயிலில் தரையில் நடுவதையும் தள்ளிப்போடுங்கள். இலை முழுதும் உதிர்ந்தாலும், கழி பச்சையாகவும் அடிக்கிழங்கு கெட்டியாகவும் இருந்தால் காத்திருங்கள். பெரும்பாலும் கணுவிலிருந்து புதுத் தளிர் வந்துவிடும்.